துணியரசி

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். ஊர் மெச்சுகிற பாஸ் இல்லை, வீட்டில் அடி விழாத பாஸ்.

சாயங்காலம் அம்மா ஒரு பரிசுப் பொட்டலத்தோடு வந்தாள். பளபளவென்று தாள், மேலே ரிப்பனில் பூ. கையில் வாங்கினால் கனம் தாங்கவில்லை. கொலுசோ வளையலோ என்று ஆசையாகப் பிரித்தேன். ஸ்பேனர் செட். சின்ன நம்பரிலிருந்து பெரிய நம்பர் வரை வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

"இனிமே நீ எங்கிட்ட இரவல் கேக்க வேண்டாம்ட்டி. இது உனக்குன்னு சொந்தம்" என்றாள். கண் வேறு கலங்கியிருந்தது. மற்ற வீடுகளில் பெண்பிள்ளைக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்துவிட்டு அழுவார்கள்.

இந்த டைரி மகளிர் மலர்ச்சி மன்றம் கொடுத்தது. மார்ச் மாதம் மகளிர் தினத்தன்று அம்மாவுக்குப் பொன்னாடை, எனக்கு டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றையது: 'பெண்ணே, விழித்தெழு!' நான் ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். குழாயில் தண்ணீர் வேறு எப்போது வரும்?

யாராவது இதைத் திருடிப் படித்தால் குழம்பக் கூடாது, அதற்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் துணிவரசி. வைத்தவள் அம்மா. பள்ளிக்கூடத்தில் அதைச் சுருக்கி 'துணி' ஆக்கிவிட்டார்கள். மழை வந்தால் "ஏட்டி, துணிய எடுத்து உள்ள போடுங்கட்டி" என்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெயருக்கேற்ற துணிவு உண்டா என்றால், கரப்பான் பூச்சி பறந்தால் நான் வீட்டையே காலி செய்துவிடுவேன். அம்மா பெயர் வெள்ளத்தாய். தென்காசியில் பைக் மெக்கானிக். 'பெண் மெக்கானிக்' என்று எழுதினால்தான் பேப்பர்காரர்களுக்குத் திருப்தி.

மே 11, ஞாயிறு

ரெங்கநாயகி மேடம் கடைக்கு வந்தார். மலர்ச்சி மன்றத்தின் தலைவி. கார்க்கதவு திறப்பதற்கு முன்பே சென்ட் வாசனை இறங்கிவிடும். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருத்தரிடம் பேசினாலும் நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"வெள்ளத்தாய், உங்க மகளோட பாலிடெக்னிக் செலவு முழுக்க மன்றத்தோட பொறுப்பு. மெக்கானிக்கல். ஜூன் பதினஞ்சு ஆண்டு விழா மேடையில அறிவிச்சுடுறோம். இரண்டாம் தலைமுறைப் பெண் மெக்கானிக்! தமிழ்நாட்டிலேயே முதல்…" கொஞ்சம் யோசித்தார். "தென்காசி மாவட்டத்திலேயே முதல் முறையா."

அம்மா கிரீஸ் கையைத் துடைக்க மறந்து கும்பிட்டாள். மேடத்தோடு வந்த போட்டோக்காரர் எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு ஸ்பேனரைத் திணித்து, தோளோடு தோள் நிறுத்தி, "சிங்கம் மாதிரி பாருங்க" என்றார். அம்மா பார்த்தாள். நான் கண்ணை மூடிவிட்டேன், மறுபடி எடுத்தார்.

சம்மதமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. மேடம் "சந்தோஷமா?" என்று கேட்டார். "ம்" என்றேன். தமிழில் இந்த 'ம்'மை விட ஆபத்தான எழுத்து கிடையாது.

மே 14, புதன்

டைரியிலாவது உண்மையை எழுதுவோம். எனக்கு வேண்டியது தையல்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பின்தெரு மெர்சி அக்கா கடைக்குத்தான் மாசக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். லேடீஸ் டைலர். எப்போதாவது அம்மா, "இங்கிலீசுல ஏதாச்சும் சொல்லுட்டி, கேப்போம்" என்பாள். "ஐ ஆம் கோயிங் டு மார்க்கெட்" என்பேன். பூரித்துப்போவாள். பாவம், அந்த ஒரு மார்க்கெட்டுக்கே நான் எத்தனை தடவை போவது?

அரசு ஐ.டி.ஐ.யில் தையல் பிரிவு இருக்கிறது. ஜூன் பதினாறு கடைசி நாள். பாலிடெக்னிக்கிலும் அன்றைக்குத்தான் சேர வேண்டும். எதில் சேர்ந்தாலும் அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் தலையெழுத்தைத் தீர்மானிக்கப் போவது அந்தக் கையெழுத்துத்தான்.

மெர்சி அக்காவிடம் எஞ்சின் கஷ்டமா ஜாக்கெட் கஷ்டமா என்று கேட்டேன். "எஞ்சின் வாய தெறந்து பேசுமாட்டி? போன மாசம் அளவெடுத்துத் தச்ச ஜாக்கெட்டு இந்த மாசம் பத்தலன்னு வந்து நிப்பா. தின்னது அவ, சின்னதாத் தச்சது நானாம். ஏசப்பா, எந்த வண்டிக்காரன் வந்து இப்படிக் கேப்பான்?" என்றாள்.

வெட்டிப் பழகத் துணி வேண்டுமே. அம்மாவின் பீரோ அடித்தட்டு முழுக்கப் பொன்னாடைகள். பொன்னாடையை உடுத்தவும் முடியாது, போர்த்தினால் புழுங்கும், கிரீஸ் துடைக்கலாம் என்றால் வழுக்கும். அதில் இரண்டு இப்போது காணாமல் போயிருக்கின்றன. ஒன்று மெர்சி அக்காவின் தலையணைக்கு உறையாகிவிட்டது. இன்னொன்று பாவாடை ஆகியிருக்க வேண்டும், என் கத்தரிக்கோல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

மே 15, வியாழன்

முதல் ஜாக்கெட்டை முழுசாகத் தைத்துவிட்டேன். மெர்சி அக்கா மாட்டிப் பார்த்து, "கையத் தூக்க முடியுது, மூச்சும் விட முடியுது. பாஸ்" என்றாள். பிளஸ் டூ பாஸ்கூட இவ்வளவு இனிக்கவில்லை.

மே 19, திங்கள்

கடையில் கூட்டம். அம்மா ஒரு வண்டிக்கு அடியில் இருந்தாள், நான் ஓர் எக்ஸெல் வண்டிக்குக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. வண்டிக்காரர் வாயைப் பிளந்தார். "எம் மவளாக்கும்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

எனக்கு எஞ்சின் வரும். இல்லை என்று சொல்லவில்லை. வந்தால் பிடித்தாக வேண்டுமா? எனக்குச் சளிகூடத்தான் வரும்.

தையல் எனக்கு எங்கிருந்து ஒட்டியது என்று மெர்சி அக்கா கேட்டாள். தெரியாது என்றேன். கிழிந்த சீட் கவர்களை எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் கோணி ஊசியால் தைப்பேன். "ஏட்டி, எஞ்சின் போனாக்கூட உன் தையல் போகாது போலுக்கே" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரெக்சின் வேறு, ரவிக்கைத் துணி வேறு.

மே 25, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டவர் பரமசிவ மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அம்மா கடையைத் திறந்த புதிதில், 'எந் தங்கச்சி ஊரான் வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கா' என்று தெருத்தெருவாகச் சொல்லி, எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர். அத்தையின் ஜாக்கெட்டை வாங்க மெர்சி அக்கா கடைக்கு வந்தவர், மிஷினில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. முகமெல்லாம் பல்லாக நேராக எங்கள் கடைக்குப் போனார், அதுவும் அல்வாவோடு.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இப்பத்தான் தாயி இந்த வீட்டுக்கு நல்ல புத்தி வந்திருக்கு. பொம்பளப் பிள்ளைக்கு ஏத்த தொழிலு. வெயில்ல நிக்க வேண்டாம், எவன் வண்டியும் தொடைக்க வேண்டாம். வீட்டோட கெடந்து தைக்கலாம். பொண்ணு கேட்டு வாரவனும் மொகஞ் சுளிக்க மாட்டான்."

என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அந்த ஆளைப் பார்த்ததும் எனக்கே கட்சி மாறலாம் போலிருந்தது.

மாமா போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இங்கிலீசு கிளாசு?"

நான் காலைப் பார்த்தேன்.

"பதினாலு வருசமாட்டி. வண்டிய நிறுத்துத ஒவ்வொருத்தனும் 'ஆம்பள யாரும் இல்லியா'ன்னு கேட்டான். இல்லய்யா, நாந்தான் மெக்கானிக்குன்னு சொல்லிச் சொல்லி இந்தக் கடைய நிறுத்தியிருக்கேன். இப்ப வெள்ளத்தாயி மவளே ஜாக்கெட்டு தைக்கப் போயிட்டா, பொம்பளைக்கு அதான் லாயக்குன்னு அவனுவ சிரிக்க மாட்டானுவளா? எங்கண்ணன் இப்பமே சிரிச்சுட்டுப் போறான், பாத்தியா?"

"அவனுவ சிரிக்கதுக்கு நான் என்னம்மா செய்ய? எனக்குப் புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்காம்ல!" அல்வாப் பொட்டலத்தைத் தூக்கிக் கடை மூலையில் எறிந்தாள். "உனக்கு அந்தப் பேர வச்சேம் பாரு, என்னச் சொல்லணும்."

அது வலித்தது. கரப்பான் பூச்சி விஷயத்தில் சொல்லியிருந்தால் வலித்திருக்காது.

அம்மா உள்ளே போன பிறகு பொட்டலத்தை எடுத்துத் தின்றேன். அல்வா என்ன பாவம் செய்தது? அழுதுகொண்டே தின்றாலும் அல்வா அல்வாதான்.

மே 26, திங்கள்

அம்மா பேசவில்லை. குழம்பில் உப்பும் இல்லை.

மே 28, புதன்

இன்னும் நேரடிப் பேச்சு கிடையாது. எல்லாம் வாடிக்கையாளர் வழியாகத்தான். "அண்ணாச்சி, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுத்துத் தரச் சொல்லுங்க" என்கிறாள். நான் கையெட்டும் தூரத்தில் நிற்கிறேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், தன் வண்டியைப் பார்க்கிறார். இந்த வீட்டுச் சண்டையில் தன் வண்டி உயிரோடு தேறுமா என்ற கவலை அவருக்கு.

இன்றைய பொன்மொழி: 'மௌனம் கலைத்துப் பேசு பெண்ணே!' அம்மாவின் டைரியில் அச்சடித்திருக்க வேண்டியது.

மே 30, வெள்ளி

அம்மா வேலை செய்யும்போது சேலைக்கு மேலே ஒரு காக்கிச் சட்டை போடுவாள். அப்பாவுடையது. இன்று அக்குளில் இன்னொரு கிழிசல். அதில் ஏற்கெனவே என் தையல் நாலைந்து இருக்கிறது, இனி ஊசி குத்த இடமில்லை.

அப்பாவைப் பற்றி மேடையில் சொல்வது ஒன்று, நடந்தது ஒன்று. 'கணவர் விட்டுச்சென்ற பணியைத் தோளில் சுமந்தவர்' என்று மேடம் சொல்வார். விட்டுச்சென்றார் என்பது சரிதான். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி வருகிறேன் என்று பெங்களூருக்குப் போனார். எனக்கு அப்போது நாலு வயது. பார்ட்ஸ் இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் சட்டையை ஏன் இன்னும் போடுகிறாள் என்று கேட்டால், துணி கெட்டி என்பாள். நானும் அப்படியே நம்புகிறேன். தோள் இரண்டும் அம்மாவுக்குத் தொங்கும், கையை மூன்று மடிப்பு மடித்துவிடுவாள், பையில் ஸ்குரூ டிரைவர் போட்டால் குனியும்போது மூக்கில் குத்தும். ஓர் ஆம்பளை உடம்புக்கு வெட்டினது, அது என்ன செய்யும்?

மெர்சி அக்கா கடையில் காக்கித் துணி கொஞ்சம் மிச்சம் கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வந்தேன்.

ஜூன் 2, திங்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா கடைக்குள் பாயில் படுத்துத் தூங்கினாள். மெதுவாக டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தோள் எடுத்தாயிற்று. கை எடுத்தாயிற்று. மார்புச் சுற்றளவு எடுக்கும்போது குறட்டை நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு குறட்டை மறுபடி ஓடியது, கார்புரேட்டர் அடைத்த வண்டி மாதிரி.

வலது தோள் இடது தோளை விட இறங்கியிருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

மிச்சத் துணியில் எதையாவது தைத்தாக வேண்டும், அதற்காகத்தான் அளவு.

ஜூன் 4, புதன்

சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்து நின்றுபோன வண்டிகளைத் தள்ளிக்கொண்டு குற்றாலம் போகிறவர்கள் வருவார்கள் என்று பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. தூது சொல்ல வாடிக்கையாளர் இல்லாததால் அம்மாவே பேச வேண்டியதாயிற்று.

"டீ குடிக்கியா?"

குடித்தேன். தைரியம் வந்தது. "அம்மா, சின்னப்பிள்ளைல நீ என்னவா ஆகணும்னு நெனச்ச? மேடையில வாசிக்கத விடு."

மேடையில் வாசிப்பது இது: 'சிறுவயது முதலே எஞ்சினின் ஓசை என் காதில் இசையாக ஒலித்தது.' மேடம் எழுதிக் கொடுப்பார், அம்மா வருஷா வருஷம் வாசிப்பாள்.

அம்மா சிரித்துவிட்டாள். "இசையா? உங்கப்பன் போறப்ப ஆறு வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். ஆறு பேரும் வாசல்ல வந்து நிக்கானுவ. வண்டியக் குடு, இல்ல துட்டக் குடுங்கான். நீ சேலையப் புடிச்சுக்கிட்டு அழுத. அந்தாள் வேல செய்யும்போது பாத்தத வச்சு ஒண்ணொண்ணாச் சேத்தேன். எல்லாத்தையும் சேத்து முடிச்சப்ப மூணு போல்ட்டு மிச்சம்."

"எந்த வண்டி போல்ட்டு?"

"இன்னைக்கு வர தெரியாது. எவனும் திரும்பி வரல. ஒண்ணு வண்டி நல்லா ஓடியிருக்கணும், இல்லைன்னா…" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா, நல்லாத்தான் ஓடியிருக்கும்."

"அப்ப உனக்குன்னு ஆசையே கெடையாதா?"

"பெரிய ஆச! ஃபேனுக்குக் கீழ உக்காந்து வெண்டக்கா நறுக்கணும். மத்தியானம் ஒரு தூக்கம் போடணும். எவங்கிட்டயும் கத்தக் கூடாது. அம்புட்டுத்தான்." டீயை ஒரு மடக்கு உறிஞ்சினாள். "ஆனா அந்த மொத வண்டி ஸ்டார்ட் ஆச்சு பாரு…" டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை முறுக்கிக் காட்டினாள், ஆக்ஸிலரேட்டர் முறுக்குவது போல. "அன்னைக்குத்தாம்ட்டி புடிச்சுது. அதுவரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் மொத ஜாக்கெட்டு முடிஞ்சப்ப அப்படித்தாம்மா இருந்துச்சு."

அம்மா எழுந்து டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். கல்நெஞ்சக்காரி.

ஜூன் 7, சனி

மெர்சி அக்கா கடையில் ஓர் அதிசயம். அந்தப் பழைய மிஷினின் பெடல் மிதிக்க மிதிக்க லொடலொடவென்று ஆடும். தெருமுனை வரை சத்தம் கேட்கும். இன்று மிதித்தால் சத்தமே இல்லை, வெண்ணெயாக ஓடுகிறது. காலுக்கடியில் குனிந்து பார்த்தேன். போல்ட்டுகளெல்லாம் இறுக்கமாக இருந்தன. தையல் மிஷின் எண்ணெய் வாடை எனக்குத் தெரியும், இது அந்த வாடை இல்லை.

"யாருக்கா சரி பண்ணினா?"

"நான்தாம்ட்டி" என்றாள் மெர்சி அக்கா. ஸ்குரூ டிரைவருக்கும் தோசைத் திருப்பிக்கும் வித்தியாசம் தெரியாதவள். ஏதோ ரிப்பேர்காரனுக்குத் துட்டு கொடுத்துவிட்டுச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

விழா பேனரைக் கடை வாசலில் கொண்டுவந்து விரித்தார்கள். நானும் அம்மாவும் ஆளுயரத்துக்கு ஸ்பேனரோடு நிற்கிறோம். அம்மா சிங்கம். நான் சிங்கத்திடம் மாட்டிய ஆடு. கீழே முழ நீள எழுத்தில்:

'இரண்டாம் தலைமுறைப் பெண் மெக்கானிக் செல்வி வெ. துணியரசி'

'வ' இருக்க வேண்டிய இடத்தில் 'ய' உட்கார்ந்திருக்கிறது. தெருவே சிரித்தது. டீக்கடைக்காரர் "எந்த மில்லு துணிம்மா?" என்றார். ரெங்கநாயகி மேடம் அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். புது பேனர் அடிக்க நேரமில்லையாம், சரியான பெயரை ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டிவிடுவார்களாம்.

எங்கள் தமிழய்யா இருந்தால் ஸ்டிக்கரை ஒட்ட விடமாட்டார். துணி கூட்டல் அரசி, துணியரசி. நடுவில் ய் வருவதுதான் இலக்கணம், உடம்படுமெய். அச்சகத்துக்காரர் தமிழில் கெட்டிக்காரர்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அம்மா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் வார்த்தை வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 14, சனி

மிச்சத் துணியில் தைத்தது முடிந்துவிட்டது. கடையில் அப்பா சட்டை தொங்குகிற ஆணியில் அதையும் மாட்டிவிட்டு வந்தேன். கொடுக்கவில்லை, மாட்டினேன். உள்ளே லைனிங்குக்குப் பொன்னாடை வைத்திருக்கிறேன், மூன்றாவதும் போயிற்று.

நாளை மேடை. நாளை மறுநாள் பாலிடெக்னிக். மேடம் எனக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'தாயின் வழியே என் வழி' என்று ஆரம்பிக்கிறது. வாசித்துவிட்டால் முடிந்தது, பிறகு வாழ்நாள் முழுக்கப் பெட்ரோல் வாடைதான். வாசிக்காவிட்டால் அம்மாவை ஊர் முன்னால் கவிழ்த்தவள் ஆவேன். வாசிக்கத்தான் போகிறேன். 'ம்' சொன்ன வாயல்லவா?

ஜூன் 15, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் பரமசிவ மாமா, அத்தை, பத்தாவது படிக்கும் அவர்கள் மகள். மேடை ஏறும்போது கடைக் கோலத்தில் வர வேண்டும் என்று மேடம் எப்போதும் சொல்வார், படம் நன்றாக விழுமாம். அம்மா பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேலே காக்கிச் சட்டை போட்டு வந்தாள். அப்பா சட்டை இல்லை. என்னுடையது. இரண்டு தோளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. நான் தரையைப் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்சி அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

அம்மாவைப் பேச அழைத்தார்கள். தாளைப் பிரித்தாள். "சிறுவயது முதலே எஞ்சினின் ஓசை என் காதில்…"

நிறுத்திவிட்டாள். தாளை மடித்தாள். சட்டைப் பை எங்கே என்று தேடவில்லை, கை நேராகப் போய் வைத்தது.

"எனக்கு இசையும் ஒலிக்கல ஒண்ணும் ஒலிக்கல" என்றாள் மைக்கில். "எங்க வீட்டுக்காரர் ஓடிப் போயிட்டாரு. வயித்துக்கு வேணும், வண்டியச் சேத்தேன். பொறவு புடிச்சுப்போச்சு. நீ என்னவா ஆகணும்னு எங்கிட்ட யாரும் கேக்கல, அதுக்கு நேரமும் இல்ல. எம் மவகிட்ட கேக்க எனக்கு நேரம் இருந்துச்சு. நான் கேக்கல. ஸ்பேனர வாங்கிக் குடுத்துட்டேன்."

அம்மா திரும்பி பேனரிடம் போனாள். பெயர் மேல் ஒட்டியிருந்த 'துணிவரசி' ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். பஞ்சர் ஒட்டு உரிக்கிற கை, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கீழே 'துணியரசி' பல்லிளித்தாள். உரித்த ஸ்டிக்கரைக் கொண்டுபோய் 'மெக்கானிக்' என்ற சொல்லின் மேல் வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மேடம், கோவிச்சுக்கிடாதிய. பேர அவன் சரியாத்தான் அடிச்சிருக்கான். மெக்கானிக்குன்னு போட்டதுதான் தப்பு. அவ துணி தைக்கப் போறா."

இப்போது பேனர் இப்படி இருந்தது: 'இரண்டாம் தலைமுறைப் பெண் துணிவரசி செல்வி வெ. துணியரசி.' ஸ்டிக்கரின் ஒரு மூலை மட்டும் ஒட்டாமல் காற்றில் ஆடியது.

பரமசிவ மாமா எழுந்து நின்று கைதட்டினார். "அப்படிச் சொல்லு தாயி! பொம்பளைன்னா…"

"அண்ணே, நீ உக்காரு" என்றாள் அம்மா, மைக்கிலேயே. "அவ உனக்காகத் தைக்கல. நாளைக்கு உம் மவ வெல்டிங் படிக்கணும்னு எங்கிட்ட வந்தான்னு வையி, நாந்தான் கையெழுத்துப் போடுவேன்."

மாமா உட்கார்ந்தார். மாமா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் அழுதேன். எழுதிவிடுகிறேன், நன்றாகவே அழுதேன், மூக்கும் சேர்ந்து ஒழுகியது. துப்பட்டாவில் துடைத்தேன், நானே தைத்த சுடிதாரின் துப்பட்டா.

ரெங்கநாயகி மேடம் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாங்கியாகிவிட்டது, போர்த்தித்தானே ஆக வேண்டும்? போர்த்தினார். பாலிடெக்னிக் உதவி வேறொரு மாணவிக்குப் போகும் என்று அறிவித்தார். குரலில் அந்த நூறு பேர் இல்லை. அடுத்த மார்ச்சில் அம்மாவைக் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சட்டையைக் கழற்றப் பார்த்தாள். விரல் பட்டனோடு மல்லுக்கட்டியது.

"ஏட்டி, பட்டன ஏன் எதுத்த பக்கம் வச்சிருக்க?"

"பொம்பளச் சட்டைக்கு அந்தப் பக்கந்தாம்மா. நீ இவ்ளோ நாளும் ஆம்பளச் சட்டை போட்டுப் பழகிட்ட. வேணும்னா மாத்தித் தாரேன்."

அம்மா குனிந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "வேண்டாம். கை பழகிக்கிடும்" என்றாள். பிறகு இன்றைய பொன்னாடையை என் மடியில் போட்டாள். "இந்தா. இனிமே பீரோவத் தெறந்து திருடாத."

ஜூன் 16, திங்கள்

ஐ.டி.ஐ.க்குக் கிளம்பியாகிவிட்டது. போகிற வழியில் கடையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் அம்மா. கையோடு கொண்டுவந்த புதுச் சட்டையை ஆணியில் மாட்டினாள், அங்கே வேறு சட்டை இல்லை. அப்பா சட்டையைத் தேடினேன். கிழித்து நாலு துண்டாகச் செயின் துடைக்கும் டப்பாவில் கிடந்தது. துணி கெட்டிதான், கிரீஸை நன்றாக உறிஞ்சுகிறது.

வெளியே வந்ததும் அம்மா என் ஸ்பேனர் செட்டைத் திறந்து ஒன்றை உருவி என் பையில் போட்டாள்.

"இது எதுக்கும்மா? தையல் கிளாசுக்கு?"

"பத்தாம் நம்பர். வச்சுக்க. மெர்சி மிஷினு பெடலுக்கு இதான் சேருது. அங்க உள்ள மிஷினும் லொடலொடன்னுதான் கெடக்கும்" என்றவள், உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி வண்டியை உதைத்தாள்.

பின்னால் ஏறி உட்கார்ந்து, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.